முக்கால் மணித்தியாலத் தூரம்

குணம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி, ஜெர்மனியின் டோட்முண்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. விறாந்தையில் நின்று அழுதேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதைக் கேட்டுவிட்டு, இவளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது.

அவருடைய கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த சின்ன மேசையில்தான் இங்குள்ள எங்கள் சனம் எல்லோருடைய பயணங்களும் தொடங்கின. கலியாணமோ செத்தவீடோ, பிளேனுக்கு ரிக்கற் போட அங்கேதான் போவோம். "சும்மா போனைத் தோண்டாதேங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்" என்பார். அவர் சொன்னதை வேறு இடத்தில் சரிபார்ப்பது மரியாதையில்லை என்றே நினைத்தோம். இங்கே பிறந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

என் அக்கா நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் இருந்தார். குணம் அண்ணையும் ஜெர்மனிக்கு வருமுன் அங்கே மீன் தொழிற்சாலையில் அத்தானோடு வேலை செய்தவர். போன கோடையில் அதே வடக்கில், திரொம்சோவில், எங்கள் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். அக்கா வரவில்லை. முழங்கால் வருத்தம் என்று போனில் சொன்னார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானே போய்ப் பார்க்கிறேன் என்று கலியாணத்துக்கு வந்திருந்த குணம் அண்ணையிடம் மண்டபத்தில் வழி கேட்டேன்.

"ஏலாது தங்கச்சி. மேப்பிலை பக்கத்திலை மாதிரித்தான் கிடக்கும். பஸ்ஸிலை ஒரு முழுப்பகல் வேணும்."

"பிளேன் இல்லையோ அண்ணை?"

"நேரே இல்லை. ஒஸ்லோவுக்குத் திரும்பிப் போய்த்தான் ஏறவேணும். அடுத்தமுறை நானே கூட்டிக்கொண்டு போறன்." சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

மண்டபம் நிறையத் திரொம்சோச் சனம். ஒருவரையாவது கேட்டிருக்கலாம். குணம் அண்ணை சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது?

பனி கொட்டத் தொடங்கமுன் அக்கா இறந்துபோனார். சொந்தங்கள் ஒன்றுகூட வசதி என்று ஒஸ்லோவில்தான் தகனம். பெட்டியில் கிடந்தது அக்கா என்று நம்பவே எனக்கு நேரம் எடுத்தது.

அண்ணையின் செத்தவீட்டுக்கு அக்காவின் மகள் வந்திருந்தாள். திரொம்சோவில் பிளேன் மாறி வந்தேன் என்றாள்.

"ஹம்மர்பெஸ்டிலையிருந்து திரொம்சோவுக்கு நேரே பிளேன் ஓடுதோ பிள்ளை?"

"ஓம் சித்தி, ஒவ்வொரு நாளும் ஓடுது. முக்கால் மணித்தியாலம்தான்." என் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அம்மாதான் உங்களை வரவிடக்கூடாதெண்டு குணம் மாமாட்டைச் சத்தியம் வாங்கினவ. கான்சர் மருந்தாலை தலைமயிரெல்லாம் கொட்டுண்டு போச்சு. தங்கச்சி என்னை இப்பிடிப் பாக்கக்கூடாது எண்டவ."

அக்காவை மன்னிக்க முடிகிறது. அது அவருடைய உடம்பு, அவருடைய வெட்கம். குணம் அண்ணையை முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மனிதர் என்பீர்கள். இருக்கட்டும். "உன்ரை அக்கா உன்னை வரவேண்டாமாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அக்காவின் கதவுக்கு வெளியே நின்றாவது கத்தி அழுதுவிட்டு வந்திருப்பேனே! என் நம்பிக்கையை வைத்தல்லவா என்னை மறித்தார்? பெட்டிக்கு முன்னால் நின்று, "ஏன் அண்ணை என்னை ஏமாத்தினீங்கள்?" என்று வாய்விட்டே கேட்டேன். பூப் போடவில்லை.

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு ஹம்மர்பெஸ்டுக்குப் போகிறேன், திரொம்சோ வழியாக. நேற்று ரிக்கற் போட உட்கார்ந்தேன். போனில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை, இது சரிதானோ என்று. அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான். யாரிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தபோது, என் விரல் குணம் அண்ணையின் நம்பரைத்தான் அழுத்தியது.