பிடரியில் பார்த்த சேவல்

என் சம்பந்தி பெரிய கெட்டிக்காரர். அதை அவரே சொல்லுவார். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில், என் இளைய மகளைக் கொடுத்த ஊர் அவருடையது. எங்கள் பக்கம் கோழி வளர்க்காத ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் கோழியைப் படைத்ததே தான் என்கிற மாதிரிப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். முதலில் முட்டைப் பண்ணை வைத்திருந்தார், அது நொடித்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு புது ஜாதிக் கோழியைக் கொண்டுவந்தார். அந்த ஜாதியில் குஞ்சு பொரிந்த அன்றே ஆணா பெண்ணா என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். பெட்டைக்கு முதுகில் அணிலுக்கு இருப்பது போல அழுத்தமான கோடு. சேவல் வெளிறிப்போய் இருக்கும், தலையில் வெள்ளைப் பொட்டு. மற்றக் கோழி என்றால் அதற்கென்று பழகிய ஆள் வந்து குஞ்சின் பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதற்குக் கண் இருந்தால் போதும்.

கண் இருந்தால் போதுமான காரியத்துக்கு அந்த மனிதர் காட்டிய மிதப்பு இருக்கிறதே! குஞ்சை எடுப்பார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார், ஒற்றைக் கண்ணை மூடுவார், அப்புறம் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லுகிறவர் போல "பொட்ட" என்பார். வாங்க வந்தவர்கள் ஆகா என்பார்கள். கோட்டைப் போட்டது கோழியின் ஜாதி. பேர் வாங்கிக்கொண்டது இவர்.

கோழியோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன வந்தது?

மகளுக்கு மூத்தது பெண். இரண்டாவதாக உண்டாகி மாதம் நிறைந்ததும், கட்டுச்சோறு விருந்து போட்டு அவளைப் பிரசவத்துக்குக் கூட்டி வரப் போயிருந்தேன். உறவு சனம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. சம்பந்தி மூத்த பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பிடரி மயிரை விலக்கிப் பார்த்தார். மூத்த பிள்ளையின் பிடரியில் முடி வால் மாதிரி இறங்கியிருந்தால் அடுத்தது ஆண் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வேலையற்ற பொம்பளைகள் பேன் பார்க்கும்போது பேசுகிற பேச்சு. அதை நம்பி யாரும் தொட்டில் வாங்குவதில்லை. இவர் பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

"சேவல்" என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. கோழிக்குஞ்சுல கோடு பொய் சொல்லாதாமா, இதுல மட்டும் சொல்லீருமாக்கும்?"

"ஏனுங்க சம்பந்தி, எம்பட பொண்ணு என்ன அடையா படுத்திருக்கறா?" என்று கேட்டேன்.

"பொறுத்துப் பாருங்க சம்பந்தியம்மா" என்றார். பேரன் மொட்டைக்கு என்று மேச்சேரிக் கிடாய்க்குட்டி ஒன்றை வாங்கிக் கட்டினார். பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரைத் தன் கையால்தான் நாக்கில் வைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் குணம் ஊருக்கு ஒன்று போதாதென்று நினைத்தார் போலிருக்கிறது.

பிறந்தது பெண்.

மருமகன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டியோடு வடக்கே போயிருந்தார். போனில், "அப்பா வந்து பாத்துக்குவாருங்கத்தை" என்றார். அப்பா வரவில்லை. "மாமா வந்து வெக்கறேன்னு சொன்னாருங்கம்மா" என்று மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வரை பொறுத்தேன். பிறகு நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பிய சமயத்தில் என் விரலை நனைத்து நாக்கில் தொட்டு வைத்தேன். என் குணம் வரட்டும். அதற்கு என்ன குறைச்சல்?

வீட்டுக்கு வந்து தீட்டுக் கழித்த பிறகும் சம்பந்தி வரவில்லை. அவர் சொன்னதாக ஒரு பேச்சுத்தான் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கண்ணு தப்பாது. ஆஸ்பத்திரில புள்ளைய மாத்திப்புட்டாங்க" என்றாராம்.

பெண் வேண்டாம் என்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் வாய்ச்சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள, பெற்றவளின் பிள்ளையை அவளுடையதே இல்லை என்று சொன்ன ஆளை அப்போதுதான் பார்த்தேன். மகள் சோற்றில் கை வைக்கவில்லை. "இந்தப் பேச்சு ஊர்ல நின்னுபோச்சுன்னா, இவளைத் தூக்கிட்டு நான் அந்த ஊட்டுக்குள்ள எப்பிடீம்மா போறது?" என்றாள்.

"நீ சோத்தைத் தின்னு அம்முணி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் குஞ்சு விற்கிற நாள் பார்த்து, சேந்தமங்கலத்தில் பஸ் ஏறிப் போனேன். கொட்டகையில் பெட்டியும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, "பொட்ட... பொட்ட... இதும் பொட்ட" என்று பாட்டாகவே படித்துக்கொண்டிருந்தார். சேவல் வந்தால் பேச்சில்லை, ஓரத்துக் கூடையில் விழும். நான் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"வாங்க சம்பந்தியம்மா. இன்னைக்கு நல்ல பொரிப்பு, பாதிக்கு மேல பொட்ட!"

"பொட்ட பொறந்தா இந்த ஊட்டுல இத்தனை சந்தோசமுங்களா? எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே."

காது கேளாதவர் போல அடுத்த குஞ்சை எடுத்தார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புருசனோடு வந்திருந்த ஒரு பெண், "இது தப்பவே தப்பாதா?" என்று கேட்டாள்.

"எங்கண்ணு தப்புனதே இல்லீங்க."

"ஒருக்காத் தப்பிருக்குது சாமி" என்றேன் நான். "ஆனா இவரு மேல குத்தமில்ல. ஆஸ்பத்திரில மாத்திப்புட்டாங்களாம்."

அந்தப் பெண் விழித்தாள். "ஏம்மா, கோழிக்குஞ்சு எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போச்சு?"

சொன்னேன். பிடரியிலிருந்து டீக்கடை வரை எதையும் விடாமல், அவசரப்படாமல் சொன்னேன். இந்த பஸ் போனால் எனக்கு அடுத்த பஸ் இருந்தது. அவள் புருசன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பெட்டி குலுங்கி, குஞ்செல்லாம் கத்தின. பின்னால் நின்ற ஒரு ஆள், "அப்ப நாம வாங்குன பொட்டயும் நாளைக்குக் கூவுனா, வழில மாத்திப்புட்டாங்கன்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது" என்றார்.

சம்பந்திக்கு முகம் சிவந்தது. "ஏனுங்க, யாவார நேரத்துல..."

"நீங்க யாவாரத்தைப் பாருங்க. நான் சும்மாத்தான உக்காந்திருக்கறேன்? இனி ஒவ்வொரு பொரிப்புக்கும் வாரேன். இந்த மூட்டை மேலயே உக்காந்துக்கறேன். கேக்கறவங்களுக்குக் கதை சொல்றேன். எனக்கு வேற என்ன சோலி?"

வாசற்படியில் நின்ற அவர் சம்சாரம், என் சம்பந்தியம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் பெண் கொடுத்து இத்தனை வருசத்தில், அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த பொரிப்புக்கு முன்பே, மகளையும் பிள்ளையையும் கூட்டிப் போக இருவரும் கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பழம், சீனி, பிள்ளைக்குக் கொலுசு. "நம்ம புள்ளைதான்னு டீக்கடைல எறங்கிச் சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தாரு. நான் கார்ல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றாள் சம்பந்தியம்மா என் காதில்.

அவர் தொண்டையைச் செருமினார். "சக்கரத்தண்ணி..."

"அது வெச்சாச்சுங்க."

"ஆரு வெச்சது?"

"நாந்தான்."

பிள்ளையைக் கையில் வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தவர், கை சும்மா இராமல், பிள்ளையை மெல்லத் தோளில் சாய்த்தார், பிடரி மயிரை விலக்கினார், சன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினார். ஒற்றைக் கண் மூடியது.

"அடுத்தது..." என்று ஆரம்பித்தார்.

"சம்பந்தி" என்றேன்.

மூடிய கண் திறந்தது. பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள கெளம்பலாமுங்களா?" என்றார். மகள் காலையிலேயே பையைக் கட்டி வைத்திருந்தாள்.