எழுதாமல் விட்ட கான்ஃபிக்

போர்ட் பிளேரில் சூரியன் ஓர் அவசரக்காரன். காலை ஐந்தேகாலுக்கே ஜங்லிகாட்டில் என் வாடகை அறை ஜன்னலில் வெயில் வந்து உட்கார்ந்துவிடும். கடிகாரமோ குளச்சலில் அம்மா பார்க்கும் அதே நேரத்தைத்தான் காட்டும். அங்கே அப்போது இருட்டு. வந்து ஆறு வருடமாகியும், கண் விழித்து வெளிச்சத்தைப் பார்த்ததும் ஐயோ, காலைப் பூசைக்கு நேரமாகிவிட்டதே என்று பதறுவேன். கோயில் மணிக்குக் காது கொடுப்பேன். கீழே ஆட்டோக்காரர் யாரையோ இந்தியில் திட்டிக்கொண்டிருப்பார். சரி, இங்கேதான் இருக்கிறோம் என்று அடுப்பைப் பற்றவைப்பேன்.

டெலானிபூரில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓடவிட்டிருக்கிறோம். எதற்குச் சுமை கூடுகிறதோ அதற்குப் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்ட ஒரு கட்டளை உண்டு. அது எனக்கு மட்டுமே அத்துப்படி என்பதால் மூன்று வருடமாக மாதா திருநாளுக்கு விடுப்பு இல்லை. "மக்ளே, இந்த வருசமாவது கொடியேத்தத்துக்கு வந்திருவியா?" என்று அம்மா போனில் கேட்டாள். அதிகாரியிடம் போய் நின்றேன். "பெஹ்லே காகஸ், ஃபிர் ஜஹாஸ்" என்றார். முதலில் யாரும் பார்த்துச் செய்யும்படி எழுதி வை, பிறகு கப்பல் ஏறு.

எழுதினேன். சக ஊழியர் மண்டல், வடக்கு அந்தமானில் திக்லிபூர்க்காரர், அதைப் பார்த்தே செய்ய வேண்டும்; நான் வாய் திறக்கக் கூடாது. இதுதான் சோதனை. 'லைவ்' என்ற சொல்லைச் சேர்த்துக் கட்டளையைத் தட்டினார். இரண்டு பிராசஸர் நான்கானது. டிக்கெட்டே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. பேட்டரி தீருமுன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் மறுபடி ஓடவிட்டோம்.

"தீதி, ஃபிர் ஸே தோ ஹோ கயா!" அக்கா, மறுபடி இரண்டாகிவிட்டது என்று மண்டல் அலறினார்.

'லைவ்' என்பது கணினி ஓடும்வரைதான். அணைந்து எழுந்தாலும் நிலைக்க 'கான்ஃபிக்' என்றும் சேர்க்க வேண்டும். கரண்டே போகாத மெயின்லேண்ட் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவள் மாதிரி அதை விட்டிருக்கிறேன். எழுதிச் சேர்த்தேன்; மண்டல் அதைப் பார்த்து மறுபடி தட்டினார். மறுபடி அணைத்துப் பார்த்தோம், நான்கு நான்காகவே நின்றது. சந்தோஷத்தில், "நான் இங்கே வெறும் லைவ், மண்டல்பாபு, என் கான்ஃபிக் குளச்சலில்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேலையை விட்டே போகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"வாபஸ் தோ ஆவோகி நா, தீதி?" திரும்பி வருவீர்கள்தானே?

கொடியேற்றத்துக்கு வந்துவிட்டேன். அம்மா வைத்த மீன்குழம்பை வயிறு முட்டச் சாப்பிட்டு, அவள் பக்கத்திலேயே படுத்தேன். திடுக்கிட்டு விழித்தபோது முதலில் கண் தேடியது வெயிலை. ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டுமே, வெயில் எங்கே! எழுந்து உட்கார்ந்தேன். மணி ஐந்தேகால், வெளியே இருட்டு. அம்மா அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். அழுகையாக வந்தது. மூன்று வருடம் ஏங்கி வந்த வீட்டில், இன்னும் ஏன் விடியவில்லை என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.