வாழைக்கு மேல் நின்ற தரை

பயம் என் கூடப்பிறந்தது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், அணைத்த அடுப்பைத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். அலுவலகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. திருநெல்வேலியில் சாலைக்கும் வடிகாலுக்கும் மனைப்பிரிவுக்கும் வடிவமைப்புப் படம் போடும் சிறிய அலுவலகம் அது. எந்த வேலைக்கும் முதல் படி ஒன்றுதான். செயற்கைக்கோள் அளந்து வைத்திருக்கும் நில உயரங்களை இணையத்திலிருந்து இறக்கி எங்கள் மென்பொருளுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஆறும் கரையும் வயலும் திரையில் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும்.

அன்றைக்கு ஏற்றியபோது ஊரே கடலுக்கடியில் கிடந்தது. எல்லா உயரமும் கழித்தல் குறியோடு வந்திருந்தது. ஊரை இப்படி முக்கிவிட்டீர்களே மேடம் என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது தெரிந்த தப்பு. பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் தோலிலிருந்து அளந்த உயரங்கள் அவை. நம் பக்கத்துக் கடல்மட்டமோ அந்தக் கற்பனைத் தோலுக்கு வெகு கீழே இருக்கிறது. வித்தியாசத்தைக் கூட்டிவிட்டால் ஊர் கரையேறிவிடும். கூட்டினேன், ஏறியது. இப்படிப் பளிச்சென்று தெரிகிற தப்புக்கு நான் பயப்படுவதில்லை. சரியாக இருப்பதுபோலவே தெரிகிற தப்புக்குத்தான் பயப்படுவேன்.

அந்தப் படம் என் தம்பிக்காகப் போட்டது. சேரன்மகாதேவி போகும் வழியில் ஆற்றை ஒட்டி அவன் ஒரு மனை வாங்கியிருந்தான். அப்பா அவனோடு இருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். சில வருஷங்களுக்கு முன்னால் பெருவெள்ளம் வந்தபோது அவர்கள் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தார்கள். தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகு, தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்திருக்கிறார்கள். நான் தச்சநல்லூரில் என் வீட்டில் இருந்தேன். போகவும் வழியில்லை, தம்பி போனும் எடுக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்றே ஒரு பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் மழை கொஞ்சம் வலுத்தால் தம்பிக்குப் போன் போட்டுவிடுவேன்.

அதனால் தம்பிக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வெள்ளம் திரும்பவும் வந்தால் புது வீட்டில் அப்பாவின் அறைக்குள் தண்ணீர் வருமா?

வராது என்றது திரை. வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே, நல்ல மேட்டில் இருந்தது மனை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி அங்கேயே மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுகள் ஆற்றங்கரையில் வளைந்து நெளிந்துதான் போகும். இங்கே அவை வரப்பை ஒட்டி நேராக ஓடி, மூலையில் கதவுநிலை மாதிரி திரும்பின. மண் அப்படித் திரும்பாது.

"எக்கா, நீ எதுக்குத்தான் பயப்படல? சும்மா போட்டுக் கொழப்புத" என்றான் தம்பி.

உயரம் அளந்த காலத்துச் செயற்கைக்கோள் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். மனை இருந்த இடம் முழுக்க வாழை. குலை தள்ளும் பருவத்து வாழை, அடர்ந்து நின்றது. செயற்கைக்கோள் தரையைப் பார்க்கவே இல்லை. இலைகளைப் பார்த்து அதுதான் தரை என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. பிறகு வாழையை வெட்டி, கல் நட்டு, மனையாக்கி விற்றிருக்கிறார்கள். தம்பி மேடு என்று நம்பிய உயரத்தில் இப்போது வெறும் காற்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தரையில் நின்றே உயரம் அளக்கும் மட்டக்கருவியை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் போனோம். வாய்க்கால் பாலத்தில் பொறித்திருக்கும் உயரக்குறியிலிருந்து தொடங்கினேன். அவன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மனைக்குப் பக்கத்து மோட்டார் ரூம் சுவரில் வெள்ளத்தின் சேற்றுக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது. மனையில் நான் நின்றால் அந்தக் கோடு என் மார்புக்கு வந்தது. எங்கோ கூட்டலில் தப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். கணக்கு அசையவில்லை.

விற்றுவிடு என்றேன். வாங்குகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் வாங்கமாட்டான், சொல்லாமல் விற்க என்னால் ஆகாது என்றான். அப்படியானால் வீட்டைத் தூண்களின்மேல், ஆள் உயரத்துக்குத் தூக்கித்தான் கட்டவேண்டும். அந்த உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை போட்டால் அது மனையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. மடக்கி மடக்கிப் போட்டுப் பார்த்தேன், வீட்டுக்கு இடமில்லை. லிஃப்ட் வைக்க அவனுக்கு வசதியில்லை. அப்பா உள்ளே போய்வரும்படி கட்டினால் தண்ணீரும் உள்ளே வரும். தண்ணீர் வராதபடி கட்டினால் அப்பாவால் வெளியே வரமுடியாது.

இதையெல்லாம் தம்பி வீட்டு அடுக்களையில் நின்று மெதுவாகத்தான் பேசினோம். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டோம். கூப்பிட்டார், போனோம்.

"எதுக்கு ரெண்டு பேரும் மண்டைய ஒடைக்கியே? என்னைய ஒரு தடவ பைய மேல தூக்கிட்டுப் போயிருங்க. பெறவு நான் எறங்க வேண்டாம்லா."

தம்பி வாசலுக்குப் போய்விட்டான். அதுவரை நான் பயந்ததெல்லாம் தண்ணீருக்கு. அந்த நேரத்தில் அவருடைய சாதாரணக் குரலுக்குப் பயந்தேன். அப்படியெல்லாம் இல்லைப்பா, வாரம் ஒருநாள் கீழே கூட்டிக்கொண்டு போவோம் என்று என்னவோ சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் படத்தைத் திறந்து வீட்டைத் தூண்களின்மேல் ஏற்றினேன். ஜன்னல்களை வைத்தேன், அப்பாவின் அறையை ஆற்றுப் பக்கமாகத் திருப்பினேன். கடைசியில் படிக்கட்டு. வழக்கமான அளவில் போட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, நான்கு பேர் தோள்கொடுத்து இறங்கும் அகலத்துக்குப் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்த தம்பி, படி எதற்கு இத்தனை அகலம் என்று கேட்கவில்லை.