பிரேக் வாத்தியாரின் வலது கால்

பெரிய மனிதர்களின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவது மரபு. பிரேக் வாத்தியாருடையதை வலது காலிலிருந்து தொடங்குவதே நியாயம். ஊரில் கார் ஓட்டும் பாதிப் பேர் இன்றும் உயிரோடு இருப்பது அந்தக் காலின் புண்ணியம்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். பள்ளியின் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்து இருக்கையின் முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் மரத்தை நோக்கிப் போவார், வாத்தியார் மிதிப்பார், மரம் பிழைக்கும். இப்படி மிதித்து மிதித்து அந்தக் கால் உலகத்தில் ஒருவரையும் நம்பாத காலாகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் இல்லாத பிரேக்கை மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னாலிருக்கும் டீப்பாய் ஒரு சாண் நகரும்.

மனைவியும் பழைய மாணவிதான். லைசென்ஸ் தேர்வில் பலமுறை தோற்றுத் தேறியவர். "இவளை வேற யார் பக்கத்துல உக்கார வைக்கிறது? பாவம், அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே" என்று சொல்லி வாத்தியாரே கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வாத்தியாரம்மா ஓட்டியதை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

சாலையில் அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையைத் துடைக்க ஏணியில் ஏறியபோதுதான் விழுந்தார். பலகையில் 'நிதானமே பிரதானம்' என்று இருந்தது. ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு, 'நிதானமே'யில் நின்றபடியே 'பிரதானம்' வரை கையை நீட்டினார். முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓய்ந்துபோயிற்று. பள்ளியை வாத்தியாரம்மா ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் குறையவில்லை என்பது வாத்தியாருக்கு இரண்டாவது அடி.

பிறகு ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக்கு உள்ளே, தண்டுவடத்தின் மேல், மின்கம்பிப் பட்டை ஒன்றை வைத்தார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் தீப்பெட்டியளவு பேட்டரி. கையில் ஒரு ரிமோட்.

"இந்தக் கரண்டே உங்களுக்காக நடந்துடாது" என்றார் டாக்டர். "உங்க தண்டுவடம் முழுசா அறுந்துபோகலை. மூளை சொல்றது கீழ போகுது, ஆனா முணுமுணுப்பாப் போகுது. கரண்ட் தண்டுவடத்தைத் தட்டி எழுப்பிக் காது குடுக்க வைக்கும். உத்தரவு போட வேண்டியது நீங்கதான்."

"உத்தரவா? எங்க வீட்ல அந்த டிபார்ட்மென்ட் என்கிட்ட இல்லையே டாக்டர்."

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த பரிசோதனைக்குள் வாத்தியார் நினைத்துக் கால் அசைந்தால், நின்று பழகும் பயிற்சி கிடைக்கும். அசையாவிட்டால், தசை இறுக்கத்தைக் குறைப்பதோடு கருவியின் வேலை முடிந்தது.

வாத்தியார் கட்டிலில் படுத்து உத்தரவு போட்டார். கெஞ்சினார், 'ராஜா' என்று கொஞ்சினார், அச்சில் ஏறாத வார்த்தைகளும் சொன்னார். கால் அரசாங்க அலுவலகம் போலிருந்தது. மனு உள்ளே போயிற்று, பதில் வரவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் தசைப் பயிற்சி முடிந்து பள்ளிக் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாத்தியாரம்மா வழக்கம்போல அவரைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். முதுகுக் கருவியின் கரண்ட் அணைக்கப்படாமலேயே இருந்தது.

"இந்த சீட்டுல உக்காந்து பிரேக் போட முடியலைன்னா நான் வெறும் மூட்டைடி" என்றார் வாத்தியார்.

வண்டியை ஓட்டிக்கொண்டே வாத்தியாரம்மா அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். "மூட்டைன்னா பேசாம வரும். நீங்க வழி நெடுக—"

முன்னால் போன லாரி நின்றது. அதன் பின்பக்கம் பூதம்போல் பெரிதாக வந்தது. கார் குலுங்கி, இன்ஜின் அணைந்து நின்றது.

"இப்படியா பிரேக் போடறது? எத்தனை வருஷமாச் சொல்லிக் குடுக்கிறேன்!"

"நான் எங்க போட்டேன்? நீங்கதான் வழக்கம்போல..."

வாத்தியாரம்மா பாதியில் நிறுத்தினார். இருவரும் கீழே பார்த்தார்கள். வாத்தியாரின் வலது செருப்பு பிரேக்கின் மேல் இருந்தது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. வாத்தியாரம்மா குனிந்து காலைக் கையால் எடுத்துவைத்தார்.

"அழாதீங்க. பின்னாடி திட்டறான்."

"அழறது நீ."

பரிசோதனை நாளில் கால் கட்டிலில் மறுபடி மௌன விரதம். கார் கதையைக் கேட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது தசைத் துடிப்பா இருக்கும். துடிப்புக்கு மிதிக்கத் தெரியும், சொன்னா எடுக்கத் தெரியாது. மிதிச்சு, நான் சொன்னதும் எடுத்தார்னா ஒத்துக்கறேன்."

அதையும் பார்த்துவிடுவோம் என்று டாக்டரே பின் இருக்கையில் ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டார். வாத்தியார் ரிமோட்டை அழுத்தினார். ஆஸ்பத்திரி வளாகத்தில் கார் கிளம்பியது. பெரிய மனிதர் ஏறியிருக்கிறாரே என்று வாத்தியாரம்மா லைசென்ஸ் தேர்வுபோல் ஓட்டினார். திருப்பத்தில் கைகாட்டி விளக்கு, மேட்டில் நிதானம், குறுக்கே வந்த பூனைக்கும் மரியாதை. இரண்டு சுற்று முடிந்தது. கால் தூங்கியது.

"அவ்வளவுதான் போலிருக்கு" என்றார் டாக்டர்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "டாக்டர், தப்பு கால் மேல இல்லை. இவ நல்லா ஓட்டறா."

கார் நின்றது. இந்த முறை மிதித்தது வாத்தியாரம்மா.

"என்ன சொன்னீங்க?"

"நீ நல்லா ஓட்டறேன்னேன்."

"டாக்டர், நீங்க சாட்சி!" வாத்தியாரம்மா கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டார். "இப்ப மோசமா ஓட்டணும், அவ்வளவுதானே? அதுக்கென்ன."

கார் சீறியது. எதிரே மர நிழலில் புத்தம்புது வெள்ளைக் கார் ஒன்று நின்றிருந்தது.

"அம்மா, அது என் வண்டி!" என்று அலறிய டாக்டர், பின் இருக்கையின் தரையை இரண்டு காலாலும் மிதித்தார். அங்கே பிரேக் கிடையாது. கார் நின்றது.

வாத்தியாரம்மா தன் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்தார். வாத்தியாரின் வலது கால் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் மறுபடி தலையை நடுவே நீட்டினார். "சரி, இப்ப எடுங்க."

வாத்தியார் காலைப் பார்த்தார். வெள்ளைக் கார் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மனைவியைப் பார்த்தார்.

"முதல்ல இவளை ஹேண்ட் பிரேக் போடச் சொல்லுங்க."

வாத்தியாரம்மா இழுத்துப் போட்டார். கால் மெதுவாக எழுந்தது.