வெறும் சக்கரை

மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் அவரைப் பார்ப்பேன். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. நெட்டை உடம்பு, எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி. டீயைக் குடித்து முடித்ததும் கிளாஸ் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்குவார்.

இருமல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர், மனைவியோடு கடைக்கு வந்தார்.

"இனிமே இவருக்குச் சக்கரை இல்லாம போடுங்கண்ணா. புத்துநோயின்னு பயந்துகினு கெடந்தோம், வெறும் சக்கரையாம்! வாயக் கட்டினா நோயக் கட்டிடலாம்" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார் அந்தம்மா.

பிறகு ஒருநாள் தனியாக வந்தபோதும் அவர் சர்க்கரை வேண்டாமென்றார். "வீட்டம்மாதான் பக்கத்துல இல்லையே, அரை ஸ்பூன் போட்டுக்குங்க" என்றேன்.

"நுரையீரல்ல துணுக்கு எடுத்து, சாயம் போட்டுப் பாத்தாங்க. புத்துநோய்தான். அந்த செல்லு மேல சக்கரை மாதிரி ஒரு பொருளு அடையாளமா இருக்குதுன்னாரு டாக்டரு. கதவாண்ட நின்னவ காதுல சக்கரை மட்டும் வுழுந்துது. அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சா. மீதிய எப்படிங்க சொல்றது?"

"சரி, இந்த டீ அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"வூட்டுக்குப் போனதும் கேப்பா. இருக்கிற ஒரு பொய்க்கே மூச்சு வாங்குதுங்க."

அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார். துக்கம் கேட்கப் போன என்னிடம் அந்தம்மா கேட்டார்: "சக்கரைக்கு இவ்ளோ சீக்கிரமா போவாங்களாண்ணா? கடைசி வரைக்கும் வாயக் கட்டிக்கினுதான இருந்தாரு?"

"ஆமாம்மா, கட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றேன்.