ஏழாம் பக்கத்துத் தண்ணீர்

‘மனுதாரர் இல்லத்தரசி. மேற்படி நிலத்தில் சாகுபடி செய்பவர் அல்லர். மனு முடித்துவைக்கப்படுகிறது.’

மலர்க்கொடியின் கைப்பேசிக்கு இந்தத் தகவல் வந்தபோது அவள் வெடித்த வயலில் நின்று, சம்பாப் பயிர் நுனி கருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், குத்தகை. பட்டா வேறொருவர் பெயரில். ஆகவே அரசாங்கத்தின் கணக்குப்படி அவள் அந்நேரம் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற ஊர். மேலே எல்லோரும் பாய்ச்சி மிச்சம் இருந்தால்தான் இங்கே தண்ணீர். இந்த வருடம் மிச்சமில்லை. மனுவை இணையத்தில் போட்டுப் பார்த்தாயிற்று. காய்ந்த வாய்க்காலுக்குள் நடந்தபடியே வீடியோவும் எடுத்துப் போட்டாள். லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து இதயம் வந்தது, துபாயிலிருந்து கும்பிடு வந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

பஞ்சநதத்தைப் பார்க்க பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போனாள். அவர் அங்கே தேங்காய் மண்டியில் கணக்கர். மிச்ச நேரத்தில் ஒரு நாளிதழின் நிருபர்.

“அண்ணே, வீடியோவை லட்சம் பேரு பாத்துட்டாங்க.”

“பாப்பாங்க. கலெக்டர் ஆபீஸ்ல தினம் காலையில ஒருத்தர் கத்தரிக்கோலோட உக்காந்து, பேப்பர்ல வந்த ஜில்லா செய்தியை வெட்டி, தாள்ல ஒட்டி, மேசையில வைப்பாரு. அதுக்கு அதிகாரி பதில் எழுதியே ஆவணும். உங்க வீடியோவை எதைக் கொண்டும்மா வெட்டுறது?”

“அந்த ஆபீஸ்ல போன் இல்லியா?”

“இருக்கே. உங்க வீடியோவையும் பாத்துருப்பாங்க. லைக்கும் போட்டுருப்பாங்க.”

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் ஏழாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குச் செய்தி வந்தது: ‘கருகும் பயிர், கதறும் மூதாட்டி.’ மலர்க்கொடிக்கு வயது நாற்பத்தாறு. கதறவும் இல்லை, திரும்பும் பஸ்ஸில் தூங்கிப்போனாள், அவ்வளவுதான். ஊரில் அந்தப் பத்திரிகையை வாங்குவது டீக்கடை ஒன்றே. அங்கேயும் ஏழாம் பக்கம் வடை மடிக்கத்தான் போகும். யாரும் படிக்காத பக்கத்துக்கு எங்கிருந்தோ அப்படியோர் அதிகாரம்.

அதற்கடுத்த நாள் பாசன அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் வெள்ளைத் தாளில் ஒட்டிய செய்தி.

“எங்கம்மா அந்தப் பாட்டி?”

“நான்தாங்க.”

அவர் செய்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். செய்தியையே நம்பினார்.

“ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? பேப்பருக்கெல்லாம் எதுக்குப் போனீங்க?”

“சொன்னேங்க. முடிச்சு வச்சுட்டீங்க.”

அதிகாரி போனை எடுத்து, மேல் மதகைத் திறக்கச் சொன்னார்.

இல்லத்தரசிக்கு வராத தண்ணீர் மூதாட்டிக்கு வந்தது, பொழுது சாயும் நேரத்தில், கலங்கலாக. மலர்க்கொடி மண்வெட்டியால் வரப்பை வெட்டி மூன்று மாவுக்கும் பாய்ச்சினாள். பிறகு மடையை அடைத்து, தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டாள்.