அனைத்து நடவடிக்கைகளும்

லோகநாயகி அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினெட்டு வருஷமாக ஆய்வேடுகள் டைப் அடிக்கிறாள். நெற்பயிர் நோய், கல்வெட்டு, வங்கிக் கடன் என்று எத்தனையோ அவள் விரல் வழியாகப் போயிருக்கின்றன. எதுவும் மனதில் தங்கியதில்லை.

மாணவி அனுப்பிரியாவின் ஆய்வேடுதான் அவளை நிறுத்தியது. வேறொரு நாட்டுக்குள் படையோடு இறங்க ஐ.நா.வில் எப்படி அனுமதி வாங்குகிறார்கள் என்பது தலைப்பு. கடைசியில், 2011இல் லிபியாவுக்காகப் போட்ட தீர்மானத்தின் தமிழாக்கம். லோகநாயகியின் கணவர் பழனிவேல் அந்த வருஷம் அங்கே வெல்டர். கலவரம் தொடங்கியதும் கப்பலேறித் தப்பி வந்தவர்.

பொதுமக்களைக் காக்கத் தேவையான அனைத்து நடவடிக்கைகளும் எடுக்கலாம் என்றிருந்தது. இரண்டு தடவை படித்தாள்.

"குண்டு போடலாம்னு எங்கயுமே இல்லியேம்மா?"

"அந்த 'அனைத்து'க்குள்ளதான்க்கா அது இருக்கு. பத்து நாடு சரின்னுச்சு. அஞ்சு நாடு ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிச்சு. நம்ம நாடும் அதுல ஒண்ணு."

"ஒதுங்குனா வேணாம்னு அர்த்தமா, பண்ணிக்கோங்கன்னு அர்த்தமா?"

அனுப்பிரியா சிரித்தாள். "அதுக்குத்தான் அறுபது பக்கம் எழுதியிருக்கேன். எனக்கே இன்னும் புடிபடல."

திருப்பாதிரிப்புலியூர் பட்டறையிலிருந்து பழனிவேல் வீடு திரும்பியதும் கேட்டாள். "ஏங்க, அங்க இருந்தவங்களே வந்து குண்டு போடுங்கன்னு கேட்டாங்களா?"

அவர் கை கழுவிக்கொண்டே யோசித்தார். "எங்க கம்பெனி ஸ்டோர் கீப்பர் மன்சூர் கேட்டான், அந்த ஊர்க்காரன். விமானம் வந்த அன்னிக்கி போன் பண்ணி, பொழச்சிக்கிட்டோம்னு அழுதான். நாலு மாசம் கழிச்சி மறுபடி பண்ணான். குண்டு விழுந்து தங்கச்சி வீடு போயிடுச்சாம். யாரு இவுங்கள கூப்புட்டதுன்னு எங்கிட்ட கத்துறான். அப்புறம் அந்த நம்பரே போவல."

"அப்ப அது நல்லதா, கெட்டதா?"

"தெரிலயே. விமானம் வராம இருந்திருந்தா அவனே இருந்திருப்பானான்னும் தெரில."

மறுநாள் இதைக் கேட்ட அனுப்பிரியா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பழனிவேல் சொன்னதை எழுதிக்கொண்டு போனாள். ஒன்றரைப் பக்கம். லோகநாயகிதான் அதையும் அடித்தாள். நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: இவர் தலையீட்டை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா? தெளிவுபடுத்தவும்.

லோகநாயகி கணவருக்குப் போன் போட்டாள். சிவப்பு மையில் இருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"ரெண்டுமேன்னு போடச் சொல்லு," என்றார். பிறகு, "இல்ல, இரு. யோசிச்சி சொல்றேன்."

மூன்று நாள் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. அனுப்பிரியா அந்த இடத்தை அப்படியே விட்டு, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.